மெஷினுக்கு முன்னால் ஒரு விரதம்

உ
பெரகல
18.01.2024

அன்பு கம்சலாவுக்கு அண்ணி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அண்ணனும் சுகமாக இருக்கிறோம். உனக்கு அந்தச் சளி விட்டதா, இந்திரஜித் தம்பி வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்பதையெல்லாம் பதிலில் எழுது.

ஒரு போன் எடுத்தால் முடிகிற காரியத்துக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது உனக்குத் தெரியும். இதற்குள் வளர்ந்தவள்தானே நீ. நான் தும்மினால் நாலு வீடு தள்ளியிருக்கிற காம்பராவிலிருந்து ‘ஆயுசு நூறு’ என்று சத்தம் வருகிறது. இந்த விசயத்தை அப்படிப் பேச முடியாது.

பெக்டரியில் வெளிநாட்டுக்கு அனுப்ப வைத்திருந்த சில்வர் டிப்ஸ் தேயிலை ஒரு பெட்டி மார்கழிக் கடைசியில் காணாமல் போய்விட்டது. பொதியறைப் பக்கம் போய்வருகிற ஏழு பேரையும் தொரை கூப்பிட்டுக் கேட்டார். ஒருவரும் எடுக்கவில்லை என்கிறார்கள். பொதியறைச் சாவி உன் அண்ணனிடம் இருப்பது உனக்குத் தெரியும். இப்போது கொழும்பிலிருந்து பொய் பிடிக்கிற மெஷின் கொண்டுவந்து ஏழு பேரையும் சோதிக்கப் போகிறார்களாம். விருப்பத்தோடுதான் வருகிறோம் என்று எழுதிய கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைக்காதவர் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்வார்களாம்.

அண்ணனைக் கேட்டால் “கழுவின கைக்கு என்ன பயம் புள்ள” என்கிறார். நீ வேலை செய்வது வக்கீல் கந்தோரில். லத்தீப் சேரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுது. இந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும்.

பனியில் தலை நனையாமல் போய்வா.

உன் அண்ணி
சந்திரகாந்தி

*

பதுளை
25.01.2024

அன்புள்ள அண்ணிக்கு, கம்சலா. உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. சளி போய்விட்டது. இவருக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, சமைக்கிற எனக்குத்தான் நேரமில்லை. இன்றைக்குத் தைப்பூசம். காலையிலேயே கோயிலுக்குப் போய் உங்கள் இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

சேரிடம் நேற்றே கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினார். அப்படிச் செய்தால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். “நம்ம நாட்டுல இதுக்குன்னே ஒரு தனிச் சட்டம் இருக்கிறதா நான் பார்த்ததில்லை. சில நாடுகள்ல தனியார் கம்பெனிக்காரங்க வேலையாட்களை இப்படிச் சோதிக்கிறதைச் சட்டமே பெரும்பாலும் தடுத்து வச்சிருக்கு. இங்க அப்படி இல்லைங்கிறதுக்காக, என்னவும் செய்யலாம்னு ஆகாது. வைக்காட்டி பேரைக் குறிப்பேன்னு சொல்லிட்டு வாங்குற கையெழுத்து, விருப்பத்துல வச்ச கையெழுத்தா?” என்றார்.

மறுப்பதையே குற்றமாக்க முடியாதாம். அண்ணன் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். முதலில் கடதாசியின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரதம் விரதமென்று வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

அன்புடன்
கம்சலா

*

உ
பெரகல
01.02.2024

என் அன்பான கம்சலாவுக்கு, இங்கே மழையும் பனியும் மாறி மாறி வருகின்றன. கடவுள் காப்பில் இருக்கிறோம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

உன் கடிதம் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாளே மெஷின் வந்துவிட்டது. கையெழுத்து ஏழு பேரும் வைத்தார்கள். வைக்காமல் யார் தனித்து நிற்பது?

நான் உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். “அத மெஷின்னு நினைக்காதீங்க. சாமி முன்னாடி நிக்கிறோம்னு நினைச்சுக்கங்க. எதைக் கேட்டாலும் மறைக்காதீங்க.” காலையில் தலை முழுகி, திருநீறு பூசி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்தான் போனார். நானும் அவர் வருகிற வரைக்கும் அடுப்பு மூட்டவில்லை.

நெஞ்சில் ஒரு பட்டி, கையில் ஒரு பட்டி, விரல்களில் வயர். ஆடாமல் அசையாமல் கதிரையில் இருக்க வேண்டுமாம். கேட்டவர் சிங்களத்தில்தான் கேட்டார். இவருக்கு அது தண்ணீர்பட்ட பாடு. தேயிலையைப் பற்றி மட்டும் கேட்பார்கள் என்றிருந்தேன். குடிப்பியா, கடன் இருக்கா, என்ன வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெண்டாட்டியோடு சண்டை பிடிப்பியா என்றுகூடக் கேட்டார்களாம்.

“அதுக்கு என்ன சொன்னீங்க?”

“வெள்ளிக்கிழமைல இல்லைன்னு சொன்னேன்.”

சிரிக்க வைப்பதற்காகச் சொன்னார். சிரித்தேன். ஆனால் போட்ட சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார், கம்சலா.

முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். சேருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அண்ணி
சந்திரகாந்தி

*

உ
பெரகல
20.02.2024

அன்பு கம்சலாவுக்கு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுத இன்று கை வரவில்லை.

உன் அண்ணன் பொய் சொன்னதாக மெஷின் சொல்லிவிட்டதாம். ஏழு பேரில் அவர் ஒருவர்தான். சாவியை வாங்கிக்கொண்டு, விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை வரி வரியாகப் பலமுறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவள் என்றாலும் இது எனக்கு விளங்கிற்று. ‘முன்னர் ஒரு திருட்டைச் செய்ததாகத் தாமாகவே ஒப்புக்கொண்டார்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அது என்ன என்று கேட்டேன்.

“அத விடு சந்திரா.”

அவ்வளவுதான் பதில். மறுபடி கேட்டதற்குக் கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டார். பிளந்த விறகு சித்திரை வரைக்கும் காணும்.

லயத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் பெரிய பாரமாக இருக்கிறது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு முதலில் குடத்தை வைக்க இடம் விடுகிறார்கள். இத்தனை மரியாதை எனக்கு இங்கே ஒரு நாளும் கிடைத்ததில்லை.

நம் பக்கம் தப்பில்லை என்று சேரிடம் உறுதியாகச் சொல். வீட்டுக் கணக்கை ஒருநாளும் விடாமல் எழுதுகிறவள் நான். மார்கழியிலிருந்து நேற்று வரைக்கும் கொப்பி முழுவதையும் இருந்து பார்த்தேன். வழி தெரியாத வரவு ஒன்றுகூட இல்லை.

அண்ணனை நாளைக்குப் பதுளைக்கு அனுப்புகிறேன். வெயிலில் அலைய விடாதே, சாப்பிட வைத்து அனுப்பு.

அண்ணி

*

பதுளை
28.02.2024

அன்புள்ள அண்ணிக்கு, நாங்கள் நலம். அண்ணன் வந்து, சேரைப் பார்த்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். இவர் கோழி வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார்.

சேர் அந்த மெஷினைப் பற்றி விவரமாகச் சொன்னார். அதற்குப் பொய் எது என்று தெரியாதாம். படபடப்பு மட்டும்தான் தெரியுமாம். ‘வாழ்க்கையில் எப்போதாவது அடுத்தவர் பொருளை எடுத்திருக்கிறாயா’ என்று ஒரு பொதுக் கேள்வி கேட்பார்கள். முக்கால்வாசிப் பேர் ‘இல்லை’ என்பார்கள். சொல்லும்போது சின்ன வயதில் பறித்த கொய்யாக்காய் ஞாபகம் வந்து நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பை அளவாக வைத்துக்கொண்டு, தேயிலையைப் பற்றிக் கேட்கும்போது வருவது அதைவிடக் கூடவா குறைவா என்று பார்ப்பார்களாம்; கூடினால் பொய்யாம். அண்ணன் பொதுக் கேள்விக்கே ‘ஆமாம்’ என்று சொல்லி விளக்கமும் கொடுத்து மனசைக் காலி பண்ணிவிட்டார். பிறகு தேயிலையைப் பற்றிக் கேட்டபோது வேலையும் வீடும் மானமும் சேர்ந்து நினைவுக்கு வந்து நெஞ்சு அடித்திருக்கிறது. போதாக்குறைக்கு வெறும் வயிறு. மெஷின் வேறெதைக் காட்டும்?

“கொஞ்சமாவது பொய் சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் அது லேசு. இவர் கோயிலுக்குப் போற மாதிரிப் போயிருக்காரே, யாரு இப்படி அனுப்பினது?” என்று சேர் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிற அந்த விசயம் பெரிதல்ல, அண்ணி. அதை அண்ணன்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்கலாமா? கோபிக்காதீர்கள். கணக்குக் கொப்பியை எதற்காகப் பார்த்தீர்கள்?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
கம்சலா

*

பதுளை
05.04.2024

அன்புள்ள அண்ணிக்கு, மாசி போய்ப் பங்குனியும் முடியப் போகிறது. உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போனில் கேட்டால் “சொகமா இருக்கோம், நீ சொகமா, மழையா” என்று மூன்று கேள்வியில் வைத்துவிடுகிறீர்கள். பக்கத்துக் காம்பராவுக்காகப் பேசுகிறீர்களா, எனக்காகவா என்று தெரியவில்லை.

ஒப்புக்கொண்ட அந்த விசயத்தை அண்ணன் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை என்று நேற்று அவர் பேச்சில் விளங்கிற்று. நீங்கள் இதைவிடப் பெரிதாக எதையாவது நினைத்துக்கொண்டு கிடப்பீர்கள் என்ற பயத்தில் நானே எழுதுகிறேன்.

பத்து வருசத்துக்கு முன்னால் மீரியபெத்தயில் மண்சரிந்து லயங்களை மூடியபோது அண்ணன் மண்வெட்டியோடு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கே சேற்றில் அவருடைய செருப்பு இரண்டும் போய்விட்டது. தகரமும் முள்ளுக்கம்பியும் கிடந்த இடம். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சோடி ரப்பர் பூட்ஸ் வெளியே வந்ததாம். அதைப் போட்டுக்கொண்டு வெட்டினார். யாருடையது என்று அங்கே கேட்டிருக்கிறார், சொல்ல ஆளில்லை. அதோடேயே வீட்டுக்கும் வந்துவிட்டார். நிவாரணத்துக்கு வந்தவர்கள் கொடுத்தது என்று உங்களிடம் சொன்னாராம். செத்தவர் பொருளை வீட்டுக்குள் ஏற்ற மாட்டீர்கள் என்று பயம்.

கதிரையில் வைத்துக் கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்கிறார். ‘அனர்த்தம் நடந்த இடத்தில் திருடினார்’ என்று அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். தேயிலைப் பெட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், வேலைக்காரனின் வாழ்க்கை முழுவதையும் தோண்ட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று சேர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

புது வருசத்துக்குச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பிறக்கிற வருசமாவது நல்லபடி பிறக்கட்டும்.

கம்சலா

*

உ
பெரகல
16.04.2024

அன்பு கம்சலாவுக்கு, வருசம் பிறந்தது. உன் அண்ணன் கைவிசேசக் காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். உங்கள் இருவருக்கும் என் ஆசிகள்.

அந்தப் பூட்ஸை நான் கழுவியிருக்கிறேன். உள்ளே மண் அப்படியே இருந்தது. நிவாரணத்துக்குப் புதுச் சாமான் கொடுக்கக்கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மழைக்காலம் போட்டுத் தேய்த்தார். சொல்லியிருந்தால் வீட்டுக்குள் ஏற்றியிருக்க மாட்டேன் என்பது உண்மைதான். முகம் தெரியாத அந்த மனிதருக்காக நேற்று ஒரு பிடி சோறு படைத்தேன். எனக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்லியிருக்கிறாரே என்பதை மட்டும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. சொல்லச் சொல்லி அனுப்பியதும் நான்தான்.

விசாரணைக்கு முன்னால் கம்பெனி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறது. இன்னொரு தரம் மெஷினில் உட்காரட்டுமாம். அதில் சரியென்று வந்தால் பழைய வேலை, பழைய சாவி. சாப்பிட்டுவிட்டே வரலாமாம். சேரிடம் கேட்டு எழுது. உட்கார்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ மாசியில் கொப்பியைப் பற்றிக் கேட்டதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

அண்ணி

*

பதுளை
25.04.2024

அன்புள்ள அண்ணிக்கு, நாங்கள் சுகம். சேர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“முதல்ல பிழையாச் சொன்ன மெஷின், ரெண்டாவது தரம் சரியாச் சொல்லும்னு யாரு பொறுப்பு? உக்கார்ந்தா, அது சொல்றதை நாமளே ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். உக்காராம விட்டா, அவங்க வேலையை நிப்பாட்டலாம். நாங்க தொழில் நியாய சபைக்குப் போவோம். அங்க அவங்க சாட்சி காட்டணும், வயரைக் காட்டினா போதாது. ஆனா அதுக்குக் காலம் போகும். அந்தக் காலத்துல இவங்க எங்க இருப்பாங்க? அதையும் யோசிச்சுத்தான் முடிவு எடுக்கணும்.”

அண்ணனைப் போனில் கேட்டேன். “உங்க அண்ணி சொல்றபடி செய்றேன்” என்றார். குரல் நன்றாக இல்லை.

அண்ணி, நான் அவருக்குத் தங்கச்சி. அதனால் என்னிடம் சில விசயங்களை எழுத முடியாமல் இருப்பீர்கள். எனக்குத் தலை வாரி, சீருடை தைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது நீங்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். அவர் எடுத்திருப்பாரோ என்று நினைக்கிறீர்களா?

எப்படிப் பதில் வந்தாலும் நான் உங்கள்
கம்சலாதான்

*

உ
பெரகல
09.06.2024

என் கம்சலாவுக்கு, தேக சுகத்தோடு இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். பதில் இவ்வளவு தாமதித்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நினைத்தேன். அதுதான் பதில்.

கொப்பியைப் பார்த்தது அதனால்தான். ஒரு வரவும் கிடைக்காதபோது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொப்பிக்கு வராமல் எங்கே போயிருக்கும் என்றுதான் மனம் ஓடியது. ஒரு கடதாசியில் யாரோ எழுதியது, இத்தனை வருசம் பக்கத்தில் படுத்த மனிதனைவிட எனக்குப் பெரிதாகிவிட்டது. நேராகக் கேட்கவும் இல்லை. அந்தப் பெட்டி எவ்வளவு பெரிதிருக்கும் என்று ஒரு நாள், கடைசியாக யார் கதவைப் பூட்டினது என்று இன்னொரு நாள், சோறு போடும்போதும் சட்டை மடிக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு, இரண்டாம் தரம் உட்காரச் சொல்வோம் என்று முடிவு செய்து அவரிடம் சொன்னேன். கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

“யாருக்காக ஒக்காரணும் சந்திரா? கம்பெனிக்கா, ஒனக்கா?”

நான் அந்த வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

“அந்த ஆளு ஒரு நாளு கேட்டான், போயிட்டான். நீ மாசிலருந்து கேட்டுக்கிட்டே இருக்க. அந்த மெஷினுக்கு என்னையத் தெரியாது. ஒனக்குத் தெரியும்.”

அவ்வளவும் மெதுவாகத்தான் சொன்னார், சுவரைத் தாண்டிப் போகாதபடி. பிறகு, “வா, போவோம்” என்றார்.

பெக்டரிக்குப் பின்பக்கம், பழைய சக்கரம் கிடக்கிற இடத்தில் ரோதைமுனி இருக்கிறது. பெக்டரி மெஷின்களில் வேலை செய்கிறவர்களெல்லாம் வேலைக்கு ஏறுமுன் கும்பிடுகிற சாமி. அங்கே கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் இந்தத் தோட்டத்தில் கேள்வி கிடையாது. அணைக்கிற கை யாருடையதோ அவர் தலைமேல்தான் அந்தச் சத்தியம் நிற்கும். சாமி பெயரில் சத்தியம் பண்ணுவதை நான் எந்தக் காலத்திலும் விரும்பியதில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டது நான்தானே.

கல்லின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தேன், கம்சலா. பயமில்லை, கோபமும் இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்வரை நிற்கிற ஆளைப்போல நின்றார். கொழும்பிலிருந்து வந்தவர்களும் இந்த முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் வயரைத்தான் நம்பினார்கள். இப்போது நானும் இந்த முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்க்கப் போகிறேன்.

அவர் கையை நீட்டுவதற்குள் நான் என் கையை வைத்துக் கற்பூரத்தை அணைத்துவிட்டேன்.

“என்ன புள்ள பண்ணிட்ட!” என்று கையைப் பிடித்து இழுத்தார்.

“நீங்க எடுக்கலைன்னு நான் சத்தியம் பண்ணிட்டேன். இனி நீங்க எங்கயும் ஒக்கார வேணாம்.”

கை கொப்பளித்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நாளும் எழுத முடியவில்லை.

மற்றதெல்லாம் சேர் சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் தரம் வர முடியாது என்று எழுதிக் கொடுத்தோம். விசாரணையில் சேர் சாட்சி கேட்டார், அவர்களிடம் வயரைத் தவிர ஒன்றும் இல்லை. போன திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். குற்றமில்லை என்று எழுதித் தரவில்லை. சாவியும் தரவில்லை. மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். பூட்ஸைப் பற்றிய வரியைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லிச் சேர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாராம். வீடு இருக்கிறது. பெட்டி கிடைக்கவேயில்லை. இனி கிடைக்குமென்றும் தோன்றவில்லை.

நேற்று என் கைக்கு மருந்து பூசிக்கொண்டே உன் அண்ணன் கேட்டார்.

“சரி, ஒருவேளை நானே எடுத்திருந்தா?”

“எடுத்திருந்தா சாமி என்னையத்தானே கேக்கும். நீங்க பேசாமப் பூசுங்க.”

சிரித்துவிட்டார். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவை நிறுத்திக் கேட்கிற அளவுக்குச் சத்தமான சிரிப்பு.

இந்திரஜித் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆடி பிறக்குமுன் ஒருமுறை வந்து போ. மழை பலமென்றால் பண்டாரவளையில் நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இப்படிக்கு
உன் அண்ணி
சந்திரகாந்தி